மேகத்தில் அவரு இல்லை

13-10-2025, திங்கள்

காலையில் தண்ணீர் வரவில்லை. மேல் வீட்டுக்காரன் மோட்டாரைப் போட்டு முழுசையும் இழுத்துக்கொண்டான். போன ஆடியிலும் இதையே செய்தான். ஞாபகம் இருக்கட்டும்.

பிராமிக்கு இன்றைக்கும் வயிற்று வலி. ஒன்பதாவது படிக்கிற பெண்ணுக்குத் திங்கட்கிழமை மட்டும் வலிக்கிறது, ஞாயிற்றுக்கிழமை வலிப்பதில்லை. எனக்குத் தெரியாதா? திங்கட்கிழமை தமிழ் வகுப்பில் ஆளாளுக்கு எழுந்து நின்று பேச வேண்டும். போன வருஷம் ஆண்டு விழாவுக்கு மனப்பாடம் பண்ணிக்கொண்டு போனாள். நடுவில் ஒரு வரி மறந்தது. மைக் முன்னால் அப்படியே நின்றுவிட்டாள். பேசவும் வரவில்லை, இறங்கவும் தெரியவில்லை. அன்றையிலிருந்து பள்ளிக்கூடத்தில் வாயே திறப்பதில்லை என் பேத்தி.

அன்றைக்கு முதல் வரிசையில் உட்கார்ந்து சிரித்தவள் வினோதினி. இப்போது கணக்கு நோட்டு கேட்டு நம் வீட்டுக்கே வருகிறாள். வரட்டும். நான் ஒரு வாய் தண்ணீர் கூடக் கொடுக்கவில்லை.

14-10-2025

என் மகன் அர்ஹந்த் சாப்பிடும்போது சொன்னான், இந்த வருஷப் பரீட்சை முடிந்ததும் டி.சி. வாங்கி பிராமியை வந்தவாசியில் அத்தை வீட்டில் விட்டுவிடலாமாம். கேட்டது அவளேதானாம். என்னை யாருக்கும் தெரியாத ஸ்கூலில் சேர்த்துவிடுங்கள் என்றாளாம்.

தட்டை நகர்த்தி வைத்துவிட்டேன். இந்த வீட்டில் என்னோடு உட்கார்ந்து பேசுகிற ஒரே ஆள் அவள்தான். மருமகள் சௌம்யாவுக்கு ஆபீஸ், இவனுக்கு பேங்க். பிராமியும் போய்விட்டால் நான் சுவரோடுதான் பேசணும்.

16-10-2025

புதுத் தமிழ் டீச்சர் வந்திருக்கிறாளாம். பேர் மதிவதனி. யார் வீட்டுப் பெண் என்று கேட்டேன். மைக் செட் காசி மகளாம்.

காசி மகள்.

எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். கை நிற்கவில்லை. பஸ் ஸ்டாண்டு பின்னால் இருந்த மைக் செட் கடை எங்க வீட்டுக்காரருடையது. காசி அங்கே ஒயர் சுற்ற வந்தவன். அவருக்குத் தம்பி மாதிரி. என்னை அண்ணி அண்ணி என்பான். பகல் சாப்பாடு எங்க வீட்டில்தான். 2009 சித்திரையில் அவரு போனார். அவரு போய் ஒரு மாசம் கூட ஆகலை, பலகையில் இருந்த அவரு பேர் மேல பச்சை பெயிண்ட் அடிச்சு ‘காசி ஆடியோஸ்’னு எழுதினான். செவ்வாய்க்கிழமை. அன்னைக்கு மத்தியானம் எங்க வீட்டுல தயிர் சாதம், நாரத்தங்காய் ஊறுகாய் தின்னுட்டுப் போய் அடிச்சான். பிரஷ்ஷும் எங்க வீட்டுது.

உன் மகன் பேங்க் வேலைக்குப் போய்விட்டான், கடையை யாராவது நடத்தத்தானே வேண்டும் என்று ஊர் நியாயம் பேசியது. நடத்தட்டும். பேரை எதுக்கு அழிக்கணும்?

அவன் மகள் பாடம் சொல்லித்தான் என் பேத்தி பேசப் போகிறாளாக்கும்.

22-10-2025, புதன்

தீபாவளி முடிந்தது. மகாவீரர் முக்தி பெற்ற நாள். விடியலில் பூஜை செய்தோம். பலகாரம் கொஞ்சம் கம்மிதான் இந்த வருஷம்.

பிராமி போனில் ஒன்று காட்டினாள். ஒரே தாளில் சொற்கள் குவிந்து கிடக்கின்றன. சில பெருசு, சில பொடிசு, சில சாய்ந்து நிற்கின்றன. மலை சுற்ற வருகிற பௌர்ணமிக் கூட்டத்தைச் சாமியார் மண்டபத்து மாடியில் இருந்து பார்த்த மாதிரி. இது என்னடி என்றேன். சொல்மேகமாம். ஒருத்தர் பேசுவதையெல்லாம் உள்ளே போட்டால், எந்தச் சொல்லை அடிக்கடி சொன்னாரோ அது பெருசாக வரும், ஒரு தடவை சொன்னது பொடிசாக வரும்.

அந்த டீச்சர் கட்டுரையை மனப்பாடம் பண்ணவே கூடாது என்று சொல்லிவிட்டாளாம். வீட்டில் வாய்க்கு வந்தபடி பேசணும். நாம் பேசப் பேச போனே எழுதிக்கொள்கிறது, அதை மேகமாக்கணும். அந்த ஒரு தாளைக் கையில் வைத்துக்கொண்டு வகுப்பில் பேசணும். “வரின்னு ஒண்ணு இருந்தாத்தானே ஆயா மறக்கும்? இதுல வரியே கிடையாது” என்றாள் பிராமி.

அதோடு விடவில்லை. பேசி முடித்ததும் கேட்டவர்கள் ஒவ்வொருவரும் மனசில் நின்ற மூன்று சொல்லைச் சீட்டில் எழுதித் தர வேண்டும். அதை இன்னொரு மேகமாக்கி, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் சுவரில் காட்டுவாளாம். நீ சொன்னது இது, அவர்களுக்குக் கேட்டது இது. இருசப்பன் என்று ஒரு பையன் தண்ணீர் சிக்கனம் பற்றிப் பேசினானாம். ஆரம்பத்தில் ஒரே ஒரு தடவை பிரியாணி சாப்பிட்டு வந்ததைச் சொன்னானாம். கேட்டவர்கள் மேகத்தில் பிரியாணிதான் மலை மாதிரி நின்றதாம். அவனே விழுந்து விழுந்து சிரித்தானாம். மறுநாள் பிரியாணியை எடுத்துவிட்டு மறுபடி பேசினானாம்.

யாரும் திட்டவில்லை, மார்க் போடவில்லை, அவன் தப்பை அவனே பார்த்துக்கொண்டான். யோசித்துப் பார்த்தால் நல்ல வழிதான். காசி வீட்டில் இப்படி ஒரு மூளை எப்படி வந்தது? அம்மா பக்கத்திலிருந்து வந்திருக்கும்.

25-10-2025, சனி

தலைப்பு கொடுத்துவிட்டாளாம். ‘எங்கள் வீட்டில் ஒருவர் செய்த வேலை.’ அப்பா பேங்க் வேலையைச் சொல்லேன் என்றேன். வேண்டாமாம். தாத்தாவைப் பற்றிச் சொல்லப் போகிறாளாம். அவள் பிறப்பதற்கு முன்பே அவரு போய்விட்டாரு. நீ சொல்லு ஆயா என்று போனை முன்னால் வைத்துவிட்டாள்.

சொன்னேன். கார்த்திகை தீபத்தன்று கோயிலைச் சுற்றி லட்சக்கணக்கில் ஜனம். எங்க வீட்டுக்காரரு மைக் முன்னால் உட்கார்ந்து, காணாமல் போனவர்களைக் கூப்பிடுவாரு. காலையில் உட்கார்ந்தால் மறுநாள்தான் எழுந்திருப்பாரு. நாம ஜைன நயினார் வீடு, நமக்கென்ன அந்தத் தீபத்தில் என்று எங்க மாமியார் சண்டை போடுவாங்க. தொலைஞ்சு போன குழந்தைக்கு எந்தச் சாமியா இருந்தா என்ன, அதுக்கு வேண்டியது அம்மாதானே என்பாரு.

84-இல் நடந்ததையும் சொன்னேன். எங்கள் வீட்டில் பொழுது சாய்ந்தால் சாப்பாடு கிடையாது. அதனால் வெளிச்சம் இருக்கும்போதே அவருக்குச் சோறு கட்டிக்கொண்டு போனேன். கூட்டத்தில் மாட்டிக்கொண்டேன். மனுஷன் என்ன பண்ணினாரு தெரியுமா. மைக்கில் என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாரு. ராஜம்மாள், ராஜம்மாள், எங்கிருந்தாலும் மைக் கிட்ட வரவும். ஊரில் இருந்த ராஜம்மாள் எல்லாம் வந்து நின்றார்களாம். எனக்கு வெட்கத்தில் உயிர் போச்சு. ஒரு மாசம் அவரோடு பேசலை. சோத்தை வைப்பேன், திரும்பிக்குவேன்.

அப்புறம் காசி கதைக்கு வந்தேன். அது கொஞ்சம் ஜாஸ்தியாகப் போய்விட்டது.

28-10-2025, செவ்வாய்

ஐயோ.

இன்று வகுப்பில் பிராமியின் மேகத்தைச் சுவரில் போட்டிருக்கிறார்கள். நடுவில், யானை பருமனுக்கு, காசி. அதன் கீழே தயிர் சாதம். பக்கத்தில் பலகை, பச்சை பெயிண்ட், நன்றிகெட்டவன். அதுவும் அந்த டீச்சர் முன்னால். அவள் அப்பன் பேர். வகுப்பே சிரித்திருக்கிறது.

இந்தப் பெண் நான் பேசியதை ஒன்றும் பார்க்காமல் அப்படியே போட்டுவிட்டாள். நான் போனைப் பார்த்துப் பேசினேனே தவிர, அது காசி மகள் கண்ணுக்குப் போகும் என்று யோசித்தேனா? புத்தி எங்கே போச்சு எனக்கு.

நாளையிலிருந்து வயிற்று வலி தினமும் வரும் பார்.

29-10-2025

வயிற்று வலி வரவில்லை. நேற்று முழுசையும் கேட்காமல் நான் எழுதிவிட்டேன். இன்றுதான் சொன்னாள்.

எல்லாரும் சிரித்தபோது டீச்சர் மேகத்தை அணைக்கவில்லையாம். கிட்டே போய் நின்று பார்த்தாளாம். “இது எங்க அப்பா பேரு. பெருசாத்தான் இருக்கு. உங்க ஆயா சொன்னதை உங்க ஆயா சொன்னாங்க, அதை யாரும் அழிக்க வேணாம். ஆனா பிராமி, இதுல உங்க தாத்தா எங்க?” என்றாளாம்.

எல்லாரும் தேடினார்களாம். இல்லை. எங்கேயும் இல்லை.

அப்போதுதான் என் பேத்தி எழுந்திருக்கிறாள். ஒரு வருஷமாக அந்த வகுப்பில் வாய் திறக்காதவள். அவரு, அது, ஒரு, அப்புறம் மாதிரி சின்னச் சொற்களை எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் அவைதான் வீங்கிக்கொண்டு நிற்கும் என்று டீச்சர் முதலிலேயே சொல்லியிருந்தாளாம். இவளும் எடுத்துவிட்டாள். “ஆயா தாத்தாவை அவரு அவருன்னுதான் சொல்லும் டீச்சர். நான் அவருவை எடுத்துட்டேன். தாத்தாவே போயிட்டாரு” என்று சொன்னாளாம். டீச்சர் உடனே, சரியாகப் பிடித்தாய் என்று தட்டிக்கொடுத்து, “இனிமே இந்தப் பேச்சுல காணாமப் போனவரை நீதான் கண்டுபிடிக்கணும்” என்றாளாம்.

தன் அப்பன் பேரைப் பார்த்து ஊர் சிரிக்கும்போது, அந்தச் சிரிப்பை அப்படியே திருப்பி என் பேத்தியை எழுந்து பேச வைத்துவிட்டாளே. நானாக இருந்தால் தாளைக் கிழித்திருப்பேன்.

31-10-2025

இரண்டு நாளாக மனசு அதையே சுற்றுகிறது. நான் எவ்வளவு நேரம் பேசினேன். அவரைப் பற்றிச் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டு அவனைப் பற்றியே பேசியிருக்கிறேன். அவன் பலகையில் அழிச்சான். இங்கே அவனைப் பெருசாக்கினது யாரு?

இல்லை. அவன் செய்தது செய்ததுதான்.

2-11-2025, ஞாயிறு

மறுபடி பேசினேன். இந்தத் தடவை பிராமி பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, காசி வந்தாலே தொடையில் கிள்ளினாள்.

அவரு வேலையை மட்டும் சொன்னேன். மற்ற மைக் செட்காரர்கள் “பெரியோர்களே தாய்மார்களே, இதனால் தெரிவிப்பது என்னவென்றால்” என்று ஆரம்பிப்பார்கள். அவரு அப்படி இல்லை. கூட்டத்தில் யாருக்கும் முழு வாக்கியம் கேட்காது என்பாரு. பக்கத்தில் ஒருத்தன் ஊதல் ஊதுவான், ஒருத்தி பிள்ளையை அதட்டுவாள். காதில் விழுவது ஒரு சொல்தான். அந்த ஒரு சொல் எது என்று முதலில் முடிவு பண்ணிக்கொள்வாரு. மஞ்ச சொக்கா, மஞ்ச சொக்கா, மஞ்ச சொக்கா. அதுக்கப்புறம்தான் மற்றது. குழந்தை பேர் சொன்னால் பேர்தான் முதலில், பேர்தான் கடைசியில். மஞ்ச சொக்கா என்று காதில் விழுந்ததும் பக்கத்தில் நிற்கிற குழந்தையைப் பத்துப் பேர் திரும்பிப் பார்ப்பார்கள். அப்படித்தான் எத்தனையோ பிள்ளைகள் வீடு போய்ச் சேர்ந்தன.

பிராமி போனை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தாள். “ஆயா, தாத்தா செஞ்சதும் எங்க டீச்சர் சொல்றதும் ஒண்ணுதான்” என்றாள்.

ஒன்றுதான். 

அப்புறம், ஒரே ஒரு தடவை தாத்தா பேரைச் சொல்லு ஆயா என்றாள். அவளுக்குத் தெரியாததா? எல்லா கார்டிலும் இருக்கிறது. நான் சொல்லிக் கேட்கணுமாம். வாயைத் திறந்தேன். நாக்கு எழும்பவில்லை. பேரைச் சொன்னால் அவரு ஆயுசு கம்மியாகும் என்று சொல்லிக் கல்யாணம் பண்ணிக்கொடுத்தார்கள். பேங்க், ஆஸ்பத்திரி, ரேஷன் கடை, எங்கே கேட்டாலும் கார்டில் இருக்கிறது பாருப்பா என்றுதான் சொல்லியிருக்கிறேன். ஆயுசே முடிந்து இத்தனை வருஷம் ஆச்சு. இன்னும் வரலை.

இங்கே எழுதலாம் என்று பேனாவை வைத்தேன். அதுவும் வரலை.

5-11-2025

பௌர்ணமி. மலை சுற்றுகிற கூட்டம். ஆட்டோக்காரன் பால் வாங்க வழி விடவில்லை. எங்கேயோ மைக்கில் எவனோ ஒரு பெண் குழந்தை பேரைக் கூப்பிட்டான். ஒரே தடவை சொல்லி நிறுத்திவிட்டு விளம்பரம் போடுகிறான். அவரு இருந்திருந்தால் அறைந்திருப்பாரு.

8-11-2025, சனி

காசி மகள் வீட்டுக்கு வந்தாள்.

கேட்டுக்கு வெளியிலேயே நிறுத்திவைத்தேன். குடையோடு தூறலில் நின்றாள். அவள் அம்மா ஜாடைதான், மூக்கு மட்டும் அவன் மூக்கு.

“பெரிம்மா, குழந்தைகள் தினத்தன்னைக்குப் பெத்தவங்க எல்லாரும் வராங்க. பிராமி பேசறதா இருக்கா. உங்க வீட்டு விஷயம் நாலு பேர் முன்னாடி வருது. உங்களைக் கேக்காம பண்ணக் கூடாதுன்னு வந்தேன்” என்றாள்.

உங்க அப்பன் விஷயமும்தான் வரும், பரவாயில்லையா என்று குத்தலாகக் கேட்டேன். முகம் சுண்டவில்லை. “நீங்க சொன்னதுல பொய் இல்ல பெரிம்மா. நான் சின்னப் பொண்ணா அந்தப் பலகைகிட்ட நின்னு பார்த்துக்கினு இருந்தேன். அதைச் சொல்றதா வேணாமான்னு பிராமிதான் முடிவு பண்ணணும். பேச்சு அவளோடது. நான் வேணாம்னும் சொல்ல மாட்டேன், வேணும்னும் சொல்ல மாட்டேன்.”

சண்டைக்கு வருவாள் என்று ஒரு வாரமாகச் சொற்களைச் சேர்த்துவைத்திருந்தேன். ஒன்றும் செலவாகவில்லை.

உள்ளே வந்து மோர் குடித்துவிட்டுப் போகச் சொன்னேன். குடித்தாள். டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுப் போனாள். அந்தக் காலத்தில் அவள் அப்பன் ஒரு நாள் கழுவியதில்லை.

12-11-2025

வந்தவாசியிலிருந்து அத்தைக்காரி போன். அங்கே சீட்டுக்கு இப்போதே சொல்லிவைக்க வேண்டுமாம். வெள்ளிக்கிழமை பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றான் அர்ஹந்த். பிராமி போன தடவை மாதிரி நின்றுவிட்டால் அப்புறம் இங்கே வைத்துக் கஷ்டப்படுத்தக் கூடாதும்மா என்றான் என்னிடம். அவன் சொல்வதும் நியாயம்தான். அதனால்தான் எனக்குக் கோபம்.

பிராமி புது மேகத்தைக் காட்டவில்லை. கேட்டால் சிரிக்கிறாள்.

14-11-2025, வெள்ளி

இன்றே எழுதிவிட வேண்டும். நாளைக்கு வைத்தால் ருசி போய்விடும்.

பள்ளிக்கூடத்துப் பெரிய ஹாலில் நாற்காலி போட்டிருந்தார்கள். நானும் சௌம்யாவும் இரண்டாம் வரிசை. அர்ஹந்த் பெர்மிஷன் போட்டு வந்து கதவோரம் நின்றான். மேடை ஓரத்தில் ஒயரோடு குனிந்து நின்றவனைப் பார்த்தேன். காசி. தலை முழுக்க நரைத்துவிட்டது. மகள் பள்ளிக்கூடம் என்று அவனே மைக் செட் கொண்டுவந்திருக்கிறான்.

மைக்கைப் பார்த்ததும் எனக்குத் திக்கென்றது. இப்போது வருகிற கறுப்புக் குச்சி மைக் இல்லை. பழைய எவர்சில்வர் மைக். கழுத்தில் நசுங்கல். 91-இல் மழையில் மேஜையோடு விழுந்த நசுங்கல். எங்க வீட்டுக்காரரு மைக். திருட்டுப்பய, அதையும் வைத்திருக்கிறான். இத்தனை வருஷம் கறுக்காமல் துடைத்து வைத்திருக்கிறான்.

பேசுகிறவர்கள் வரிசையில் பிராமி கடைசி. டீச்சர் வந்து மைக்கில், ஒரு மாற்றம், பிராமி முதலில் பேசுவாள் என்றாள். எதற்கு என்று சௌம்யா கேட்டதற்கு, கடைசியில் வைத்தால் இருட்டிவிடும், பெரிம்மா சாப்பிட முடியாமல் போய்விடும் என்றாளாம். எங்க வீட்டுச் சாப்பாட்டு நேரம் அவளுக்கு எப்படித் தெரியும்? அப்பன் சொல்லியிருக்கிறான். வேறு எப்படி.

பிராமி ஏறினாள். கையில் ஒரே ஒரு தாள். மைக் அவள் நெற்றி உயரத்தில் இருந்தது. காசி எழுந்து போய், அவள் வாய்க்கு நேராக இறக்கி, ஒரு விரலால் தட்டிப் பார்த்துவிட்டு விலகினான். எங்க வீட்டுக்காரரு சின்னப் பிள்ளைகளுக்கு அப்படித்தான் இறக்குவாரு. அதை மட்டும் சரியாகச் செய்தான்.

அவள் பேசவில்லை. தாளைப் பார்த்தாள். எங்களைப் பார்த்தாள். கதவோரம் அர்ஹந்த் செருப்பை மாற்றி மாற்றி மிதித்தான். போச்சு, வந்தவாசிதான் என்று நினைத்தேன். சாமி, ஒரு சொல். ஒரே ஒரு சொல்லு கண்ணு—

“மஞ்ச சொக்கா” என்றாள். நிறுத்தினாள். “மஞ்ச சொக்கா. மஞ்ச சொக்கா.”

ஹாலில் இருந்த அத்தனை தலையும் திரும்பித் தேடின. நிஜமாகவே மஞ்சள் சட்டை போட்ட பையன் ஒருத்தன் மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருந்தான், பயந்துபோய் எழுந்தே நின்றுவிட்டான். எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். அதற்கப்புறம் அவளை யார் பிடிப்பது. கூட்டத்தில் முழு வாக்கியம் யாருக்கும் கேட்காது என்று எங்க தாத்தா கண்டுபிடித்தார் என்று ஆரம்பித்து, மைக் முன்னால் விடிய விடிய உட்காருவது, எங்க மாமியார் சண்டை, எல்லாம் சொன்னாள். ராஜம்மாள் கதையையும் விடவில்லை. ஒரு மாசம் பேசாததை எனக்குப் பதிலாக முகத்தைத் திருப்பி நடித்தே காட்டினாள். ஹால் முழுக்க என்னைப் பார்த்துச் சிரித்தது. முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டேன்.

காசியைப் பற்றி ஒரே வரி. தாத்தாவிடம் ஒயர் சுற்றக் கற்றுக்கொண்டவர்தான் இன்றைக்கு இந்த மைக்கைக் கொண்டுவந்திருக்கிறார் என்றாள். பெயிண்ட் இல்லை, தயிர் சாதம் இல்லை. எனக்கு முதலில் சுருக்கென்றது. அப்புறம் பார்த்தேன், அவன் தரையையே பார்த்துக்கொண்டு நின்றான். நான் திட்டியிருந்தால் நிமிர்ந்து நின்றிருப்பான்.

கடைசியில் தாளைக் கீழே வைத்துவிட்டாள். மைக்கை இரண்டு கையாலும் பிடித்தாள். அப்படியே அவரு பிடிக்கிற மாதிரி. நான் ஒருபோதும் சொல்லிக்கொடுக்கவில்லை, அவள் பார்த்ததுமில்லை.

“ஒரு அறிவிப்பு. எங்க ஆயாவோட பேச்சுல ஒருத்தர் காணாமப் போயிட்டாரு. வெள்ளை வேட்டி. காதுல பென்சில். குரல் கம்பீரமா இருக்கும். பேரு…”

சொன்னாள். மூன்று தடவை. இழுத்து, நிறுத்தி, தெளிவாக. அவரு மைக்கிலேயே அவரு பேர்.

“எங்கிருந்தாலும் மேகத்துக்கு வரவும்.”

கைதட்டினார்கள் பார், கூரை அதிர்ந்தது. வினோதினி எழுந்து நின்று தட்டினாள். சரி, அடுத்த தடவை நோட்டு கேட்டு வந்தால் தண்ணீர் கொடுக்கலாம்.

எல்லாருக்கும் சீட்டு கொடுத்தார்கள். மனசில் நின்ற மூன்று சொல். பென்சிலை வாங்கினேன். மஞ்சள் என்று எழுதினேன். மைக் என்று எழுதினேன். மூன்றாவது என்ன எழுதினேன் என்று இங்கே எழுதமாட்டேன். சௌம்யா எட்டிப் பார்த்தாள், மடித்துக் கொடுத்துவிட்டேன்.

கொஞ்ச நேரத்தில் சுவரில் மேகம் வந்தது. நடுவில் அவரு பேர். எவ்வளவு பெருசு. அந்தப் பழைய பலகையில் கூட அவ்வளவு பெருசாக எழுதியதில்லை. கீழே மஞ்சள். அதை ஒட்டிக்கொண்டு ராஜம்மாள். தேடிப் பார்த்தேன், வலது ஓரத்தில், ஒயர் என்ற சொல்லுக்குக் கீழே, காசி. பொடி எழுத்து. யாரோ ஒருத்தர்தான் எழுதியிருக்க வேண்டும்.

டீச்சர் மேகத்தைப் பார்க்கவில்லை. பிராமியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். வெளிச்சம் இருக்கும்போதே வீட்டுக்கு வந்து சாப்பிட்டேன்.

15-11-2025

சௌம்யா வந்தவாசிக்குப் போன் பண்ணி, சீட் வேண்டாம், பிராமியே வேண்டாம் என்கிறாள் என்று சொல்லிவிட்டாள். அர்ஹந்த் பூந்தி வாங்கிவந்தான்.

17-11-2025, திங்கள்

வயிற்று வலி இல்லை. மழைக்கு லீவ் விடுவார்களோ என்று கவலைப்பட்டாள்.

3-12-2025, புதன்

தீபம். மலை உச்சியில் சுடர் ஏறியபோது மாடியிலிருந்து பார்த்தோம். கீழே மைக்கில் காணாமல் போனவர்கள் பேர் ஓயாமல். பிராமி ஒவ்வொன்றுக்கும் மார்க் போட்டுக்கொண்டிருந்தாள். இவர் பேரைக் கடைசியில் சொல்கிறார், இவர் சொக்கா நிறத்தை விட்டுவிட்டார், இவர் பரவாயில்லை.

அந்த மேகத்தை மதிவதனி டீச்சர் பெருசாக அச்சடித்துக் கொடுத்தனுப்பினாள். கூடத்தில் மாட்டியிருக்கிறோம். பார்க்க வந்த பக்கத்து வீட்டு ராணியம்மாள், ஓரத்தில் காசி பேர் இருக்கிறதே, நீ எப்படிப் பொறுத்துக்கொண்டாய், கத்தரித்துவிட வேண்டியதுதானே என்றாள். இருக்கட்டும் என்றேன். செய்ததை மறக்கவில்லை. செவ்வாய்க்கிழமை, பச்சை பெயிண்ட், எல்லாம் ஞாபகம் இருக்கிறது. அவன் இருக்கவேண்டிய இடம் அதுதான். ஓரத்தில், அந்த அளவு எழுத்தில்.

9-12-2025, செவ்வாய்

ரேஷன் கடையில் கைரேகை வைக்கச் சொன்னார்கள். நல்ல கூட்டம். மெஷினில் ரேகை விழவில்லை. வயசானால் விரலும் தேய்ந்துபோகும் போல. புதுசாக வந்த பையன் நிமிராமலே, வீட்டுக்காரர் பேர் சொல்லும்மா என்றான். கார்டில் இருக்கிறது பாருப்பா என்று சொல்லத்தான் வாயெடுத்தேன்.

சொல்லிவிட்டேன்.

பின்னால் மூட்டை தூக்குகிற சத்தம், ஒருத்தி எண்ணெய் கம்மியாக இருக்கிறது என்று சண்டை. அவன் காதில் விழவில்லை. இன்னொரு தடவை சொல்லும்மா என்றான்.

தன்யகுமார். தன்யகுமார். தன்யகுமார்.